ஜாக்காவுக்குப் பின்னால் நிற்பவர்கள்

சுவிட்சர்லாந்தின் கால்பந்து நடுக்கள வீரர் ஒருவரைப் பற்றிய கதை இது. பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படிப்பவர்கள் அவரை ‘ஸாக்கா’ என்கிறார்கள். ‘க்ஸாகா’ என்று எழுதுவோரும் உண்டு. அல்பேனிய மொழியில் எக்ஸும் எச்சும் சேர்ந்தால் ‘ஜ’ ஒலி. ஆகவே அவர் ஜாக்கா. முன்பெயர் கிரானிட். வீட்டுத் தரைக்குப் பதிக்கிறோமே, அதே கிரானைட் கல்தான். இந்தக் கல்லைப் பற்றி ஐரோப்பாவில் இரண்டு கருத்துகள் உண்டு. ஜெர்மனியின் லெவர்குசன் கழக ரசிகரைக் கேட்டால் அணியைத் தாங்கிய அடித்தளக் கல் என்பார். 2019-இல் லண்டனின் ஆர்சனல் கழக ரசிகரைக் கேட்டிருந்தால் காலில் கட்டிய கல் என்றிருப்பார்.

ஒரே வீரரைப் பற்றி எப்படி இவ்வளவு முரணான தீர்ப்புகள்? வயது ஏறியதும் பக்குவம் வந்துவிட்டது என்பது எளிய விளக்கம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஜாக்காவைப் பார்க்கக் கூடாது, அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இடது கால்காரர். பந்தை வாங்கும் முன்பே ஆடுகளத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி ஓடும் சக வீரரின் காலடிக்குப் பந்தை அனுப்பத் தெரியும். தொலைவிலிருந்து கோலை நோக்கி அடிக்கும் அடியும் கனமானது. அவரிடம் இல்லாதது வேகம். அதிலும் திரும்பும் வேகம் மிகக் குறைவு. எதிரணியின் விரைவான வீரர் ஒருவர் அவரைத் தாண்டி ஓடிவிட்டால், துரத்திப் பிடிப்பது அவரால் ஆகாத காரியம். அப்போது அவருக்கு இரண்டே வழிகள்: போக விடுவது, அல்லது சட்டையைப் பிடித்தோ காலை நீட்டியோ தடுப்பது. ஜாக்காவின் குணத்துக்கு முதல் வழி ஒத்துவராது. மஞ்சள் அட்டைகளும் சிவப்பு அட்டைகளும் இந்த இடத்தில்தான் பிறந்தன. கோபக்காரர் என்று பெயர் எடுத்தவருடைய தவறுகளில் கணிசமானவை, தனியாக நின்றவர் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் செய்தவை.

குணத்தின் பங்கும் இல்லாமலில்லை. அது வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. தந்தை ராகிப் ஜாக்கா கொசோவோ அல்பேனியர். யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்தவர். விடுதலைக்குப் பிறகு மனைவியோடு சுவிட்சர்லாந்து சென்று பாசெல் நகரில் குடியேறினார். 1991-இல் மூத்த மகன் தௌலந்த், 1992 செப்டம்பர் 27 அன்று கிரானிட். இருவரும் பாசெல் கால்பந்துக் கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தார்கள்.

இளமைக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அதில் தடுமாற்றமே இல்லை. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை சுவிட்சர்லாந்து வென்றது. அபுஜாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் போட்டியை நடத்திய நாட்டையே 1-0 என்று தோற்கடித்த அந்த அணியில் ஜாக்காவும் இருந்தார். ஆடவர் கால்பந்தில் அந்த நாடு வென்ற ஒரே உலகக் கோப்பை இன்றுவரை அதுதான். 2010-இல் பாசெலின் முதன்மை அணிக்கு வந்தார். அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள் வென்றார். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வீழ்த்தி, ஐரோப்பியக் கழகங்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலிருந்தே வெளியேற்றிய பாசெல் அணியிலும் ஆடினார். அதே ஆண்டு ஜூனில், பதினெட்டு வயதில், வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தேசிய அணிக்கான முதல் ஆட்டம்.

2012-இல் ஜெர்மனியின் போருசியா மென்சென்கிளாட்பாக் அவரை வாங்கியது. அங்கே பயிற்சியாளராக இருந்த லூசியன் ஃபாவ்ரும் சுவிஸ்காரர். சொந்த நாட்டுக்காரர் என்று சலுகை காட்டாமல், முதல் பருவத்தில் பல ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்தார். மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2014-15 பருவத்தில் கிளாட்பாக் மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த பருவத்தை ஐந்து தொடர் லீக் தோல்விகளோடு தொடங்கியதும் ஃபாவ்ர் தாமாகவே விலகிக்கொண்டார். மூழ்கிய அணியை மீட்டெடுத்து நான்காம் இடத்தில் சேர்த்த அந்தப் பருவத்தில் கேப்டன் பட்டை ஜாக்காவின் கையில்தான் இருந்தது. அந்த வயதில் ஜெர்மனியின் பெரிய கழகம் ஒன்று கேப்டன் பொறுப்பைக் கொடுக்கிறதென்றால், ‘பக்குவம் பிறகு வந்தது’ என்ற விளக்கம் இங்கேயே ஆட்டம் காணத் தொடங்குகிறது.

2016 மே மாதம் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரை லண்டனுக்கு அழைத்தார். ஆர்சனல் கொடுத்த விலை மூன்று கோடி பவுண்டுக்கு மேல். வெங்கரின் கடைசிக் கால அணி அழகாகத் தாக்கும். பந்தை இழந்துவிட்டால் கதவு திறந்த வீடு. பக்கவாட்டுப் பின்கள வீரர்கள் இருவரும் முன்னேறிப் போயிருப்பார்கள், கூட நிற்க வேண்டிய நடுக்கள வீரர் கோல் அடிக்க ஓடியிருப்பார். நடுவில் பெரிய வெற்றிடம், அதற்குள் தனியாக ஜாக்கா. முதல் பருவத்திலேயே இரண்டு சிவப்பு அட்டைகள்.

அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு மாதங்களில் ஒரு சிறிய விஷயம் நடந்தது. அது போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். 2017 ஏப்ரலில் வெங்கர் தம் நெடுநாள் வழக்கத்தை உடைத்து, நான்கு பின்கள வீரர்களுக்குப் பதிலாக நடுவில் மூன்று தடுப்பாளர்களை நிறுத்தினார். ஜாக்காவுக்குப் பின்னால் இப்போது மூன்று பேர். ஒருவர் முன்னேறி வந்து பந்தைத் தடுத்தாலும் இருவர் மீதம். அவர் ஆட்டம் நிதானமானது, அட்டைகள் குறைந்தன. மே 27 அன்று வெம்ப்ளியில், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில், அந்த ஆண்டு லீக் சாம்பியனான செல்சியை ஆர்சனல் 2-1 என்று வென்றபோது நடுக்களத்தின் மையத்தில் நின்றவர்கள் ஜாக்காவும் ஆரன் ராம்சியும். அடுத்த பருவத்தில் அணி பழைய அமைப்புக்கு மெல்லத் திரும்பியது, ஜாக்காவின் பழைய தொல்லைகளும் கூடவே திரும்பின.

2019 இலையுதிர்காலத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் அதன் வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். வெங்கருக்குப் பின் வந்த உனாய் எமெரி, யார் கேப்டனாக வேண்டும் என்று வீரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். தேர்வானவர் ஜாக்கா. உடைமாற்றும் அறைக்குள் இருந்தவர்கள் நம்பிய மனிதரை அரங்கத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. அக்டோபர் 27, எமிரேட்ஸ் மைதானம், எதிரணி கிரிஸ்டல் பேலஸ். முதல் பத்து நிமிடங்களில் இரண்டு கோல் அடித்த ஆர்சனல் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றது. 61-ஆம் நிமிடத்தில் ஜாக்காவின் எண் பலகையில் வந்தபோது சொந்த ரசிகர்களே ஆரவாரம் செய்தார்கள். அவர் மெதுவாக நடந்தார். ஏளனக் கூச்சல் வலுத்தது. கைகளை உயர்த்தி இன்னும் கத்துங்கள் என்று சைகை காட்டினார், காதருகே கை வைத்தார், வாயில் வசைச்சொல் வந்தது, சட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் புகாயோ சாக்கா என்ற பதினெட்டு வயதுப் பையன்.

சில நாள் கழித்து ஜாக்கா வெளியிட்ட அறிக்கை, அந்தக் கோபம் அன்று மட்டும் மூண்டதல்ல என்று காட்டியது. அவருடைய மனைவியையும் பிறந்து சில வாரங்களே ஆன மகளையும் குறித்து இணையத்தில் எழுதப்பட்டவற்றை அதில் சொல்லியிருந்தார். இங்கே திருப்பி எழுதும் தரத்தில் அவை இல்லை. நவம்பர் 5 அன்று கேப்டன் பதவி பறிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் எமெரியும் வேலையை இழந்தார். அணி தள்ளாடிக்கொண்டிருந்தது, மக்கள் ஒரு முகத்தைத் தேடினார்கள், அது அவருடைய முகமாகிப் போனது. சட்டையைக் கழற்றியது கேப்டனுக்கு அழகல்ல; அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த அணியின் ஓட்டைகளுக்கெல்லாம் அவரையே காரணமாக்கியது கணக்குத் தெரியாதவர்களின் வேலை.

டிசம்பரில் மிக்கேல் ஆர்டெட்டா பயிற்சியாளராக வந்தபோது ஜாக்கா பெட்டி கட்டிவிட்டார் என்றே சொல்லலாம். ஹெர்த்தா பெர்லினுக்குப் போவதற்குப் பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. ஆர்டெட்டா தனியே அழைத்துப் பேசி நிறுத்தினார். அதன் பிறகு எல்லாம் சுகமாகிவிடவில்லை. 2020 டிசம்பரில் பர்ன்லி வீரரின் கழுத்தைப் பிடித்ததற்குச் சிவப்பு அட்டை. அடுத்த மார்ச்சில் அதே பர்ன்லிக்கு எதிராக, தம் கோலுக்கு முன்னால் அவர் அடித்த பாஸ் எதிரணி வீரர் கிறிஸ் வுட்டின் மேல் பட்டு வலைக்குள் போனது. 2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5 என்று தோற்ற ஆட்டத்தில் இன்னொரு சிவப்பு, 2022 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிராக மற்றொன்று. ஆர்சனலில் மொத்தம் ஐந்து. நடுவே ஆள் பற்றாக்குறையில் இடது பின்களத்திலும் நிறுத்தப்பட்டார். முணுமுணுக்காமல் ஆடினார்.

திருப்பம் 2022-23 பருவத்தில் வந்தது. வந்தது மனத்தில் மட்டுமல்ல, நிற்கும் இடத்திலும். ஆர்டெட்டா அவரைத் தற்காப்பு வேலையிலிருந்து விடுவித்து, இருபது மீட்டர் முன்னால், இடதுபக்க உள்நடுக்களத்தில் நிறுத்தினார். பின்னால் காவலுக்குத் தாமஸ் பார்ட்டி. இடது பின்கள வீரர் ஒலெக்சாண்டர் சின்சென்கோ ஆட்டத்தின்போது உள்ளே நகர்ந்து பார்ட்டியின் அருகில் நின்றார். எதிரணி விரைந்து வந்தால் சந்திக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். துரத்த வேண்டிய கட்டாயம் ஜாக்காவுக்கு இல்லை. அந்த லீக் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 7. முந்தைய ஆறு பருவங்களில் எதிலும் 4-ஐத் தாண்டியதில்லை. ஆர்சனல் 248 நாள்கள் முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசியில் சிட்டியிடம் பட்டத்தை விட்டுக்கொடுத்தது. மே 28 அன்று வுல்வ்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஜாக்கா இரண்டு கோல் அடித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரை விரட்டிய அதே அரங்கம், போகாதே என்று பாடியது. 297 ஆட்டங்களுக்குப் பிறகு அவர் கிளம்பினார்.

தேசிய அணியில் நடந்ததையும் இதே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே கால்பந்தைவிட அரசியல் அதிகம் பேசப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் 2016 போட்டியில், பிரான்ஸின் லான்ஸ் நகரில், சுவிட்சர்லாந்துக்குக் கிரானிட்டும் அல்பேனியாவுக்கு அண்ணன் தௌலந்தும் எதிரெதிராக ஆடினார்கள். யூரோ வரலாற்றில் அண்ணன் தம்பி எதிரெதிர் அணிகளில் இறங்கியது அதுவே முதல் முறை. தாய் எல்மாசே இரு நாட்டுக் கொடிகளையும் பாதிப் பாதியாகத் தைத்த சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். சுவிட்சர்லாந்து 1-0 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்துப் போலந்துக்கு எதிரான பெனால்டி மோதலில் பத்து பேர் உதைத்ததில் தவறவிட்டவர் ஒரே ஒருவர்: கிரானிட்.

2018 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று கலினின்கிராடில், கொசோவோவைத் தனி நாடாக ஏற்காத செர்பியாவுக்கு எதிராக அவர் தொலைவிலிருந்து அடித்த கோல் சமநிலை தந்தது. கடைசி நிமிடத்தில் கொசோவோ வேர் கொண்ட ஜெர்டான் ஷாச்சிரி வெற்றிக் கோல் அடித்தார். இருவரும் கைகளைக் குறுக்கே கோத்து அல்பேனியக் கொடியின் இரட்டைத் தலைக் கழுகைக் காட்டினார்கள். ஃபிஃபா தலைக்கு 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. கொசோவோவில் எந்த வேரும் இல்லாத கேப்டன் ஸ்டெஃபான் லிச்ஸ்டைனரும் தோழர்களோடு சேர்ந்து அதே சைகை காட்டி 5,000 கட்டினார். அபராதத்தைவிட வலித்தது பிறகு வந்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை இனித் தேசிய அணிக்கு வளர்க்க வேண்டுமா என்று சுவிஸ் கால்பந்துச் சங்கத்தின் பொதுச் செயலாளரே ஒரு நேர்காணலில் கேள்வி எழுப்பினார். அந்த அணியிலிருந்து புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை நீக்கிவிட்டால் பதினொரு பேரைத் திரட்டுவதே கடினம். எதிர்ப்பு வலுத்தது, சில வாரங்களில் அவர் பதவியை விட்டுப் போனார்.

2021 ஜூனில் தலைமுடி விவகாரம். யூரோ போட்டியில் இத்தாலியுடன் மோதவிருந்த நேரத்தில், சுவிட்சர்லாந்திலிருந்து முடிதிருத்துநர் ஒருவர் ரோமுக்கு வரவழைக்கப்பட்டு, ஜாக்காவும் சிலரும் தலையைப் பொன்னிறமாக்கிக்கொண்டார்கள். பிறகு இத்தாலியிடம் 0-3 என்று தோற்றார்கள். பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளில் இருந்த நாட்டில் இது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேப்டனுக்கு ஆட்டம் முக்கியமா, முடி முக்கியமா என்று பத்திரிகைகள் கிழித்தன.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 28 அன்று புக்கரெஸ்டில், உலக சாம்பியன் பிரான்ஸ். 75-ஆம் நிமிடத்தில் சுவிட்சர்லாந்து 1-3 என்று பின்தங்கியிருந்தது. 81-இல் ஹாரிஸ் செஃபெரோவிச் ஒன்றைத் திருப்பினார். 90-ஆம் நிமிடத்தில் பால் போக்பாவிடமிருந்து பறிபோன பந்து ஜாக்காவிடம் வந்தது. அவர் ஒரு கணமும் தாமதிக்காமல், தரையோடு, தடுப்பாளர்களின் வரிசையைக் கிழித்துக்கொண்டு மரியோ கவ்ரனோவிச்சுக்கு அனுப்பினார். 3-3. பெனால்டியில் கிலியன் எம்பாப்பேயின் உதையை சுவிஸ் கோல்காப்பாளர் யான் சோமர் தட்டிவிட்டார். ஆட்ட நாயகன் விருது ஜாக்காவுக்கு. மஞ்சள் அட்டையும் ஜாக்காவுக்கு: அதனால் காலிறுதியில் அவர் ஆட முடியவில்லை, அவரில்லாத அணி ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. அவருடைய முழு வாழ்க்கையையும் ஒரே இரவில் காட்டச் சொன்னால் இந்த ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அன்று சுவிஸ் பயிற்சியாளராக இருந்த விளாதிமிர் பெட்கோவிச்சின் தொடக்க வரிசையைக் கவனியுங்கள். பின்னால் எல்வெடி, அகான்ஜி, ரோட்ரிகெஸ் என மூன்று தடுப்பாளர்கள். பக்கத்தில் ஓயாமல் ஓடும் ரெமோ ஃபிராய்லர். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 யூரோவில் பெர்லினில் நடப்பு சாம்பியன் இத்தாலியை 2-0 என்று வெளியேற்றியபோதும் அவருக்குப் பின் வந்த பயிற்சியாளர் முராத் யாக்கின் நிறுத்தியது அதே அமைப்பு: பின்னால் மூவர், அருகில் ஃபிராய்லர். சுவிஸ் கால்பந்தின் இந்த இரண்டு பெரிய இரவுகளுக்கும் 2017-இன் வெம்ப்ளி மாலைக்கும் இடையே ஓடும் நூல் இதுதான்.

அந்த நூலை முழுத் துணியாக நெய்தவர் அப்போதைய லெவர்குசன் பயிற்சியாளர் சாபி அலோன்சோ. அவரும் நடுக்களத்தில் வாழ்ந்தவர். வேகத்தால் அல்லாமல் பாஸால் பெயர் பெற்றவர். 2023 கோடையில் ஜாக்கா பேயர் லெவர்குசனுக்கு வந்தபோது முப்பதைக் கடந்த வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமா என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. அலோன்சோவின் கணக்கு வேறு. யோனாதன் டா, எட்மண்ட் டப்சோபா போன்ற வேகமும் உயரமும் உள்ள மூன்று தடுப்பாளர்கள் பின்னால். பக்கத்தில் பந்தைப் பறிக்கும் வேலையை விரும்பிச் செய்யும் பலாசியோஸ் அல்லது ஆன்ட்ரிச். இரு ஓரங்களில் கிரிமால்டோவும் ஃபிரிம்பாங்கும். முன்னால் ஃபுளோரியான் விர்ட்ஸ். இத்தனை பேருக்கும் நடுவில், எல்லோருக்கும் பந்து அனுப்பும் ரயில் சந்திப்பு போல ஜாக்கா. ஓட வேண்டியவர்கள் ஓடினார்கள். பார்க்க வேண்டியவர் பார்த்தார்.

விளைவு எண்களில் இருக்கிறது. 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வி இல்லை. 2002-இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் இழந்து, ‘எப்போதும் இரண்டாமிடம்’ என்று கேலி செய்யப்பட்ட கழகம் முதல் முறையாக ஜெர்மன் சாம்பியனானது. பயர்ன் மியூனிக்கின் 11 ஆண்டு ஆட்சி முடிந்தது. பட்டம் உறுதியான 2024 ஏப்ரல் 14 ஆட்டத்தில் பிரேமனுக்கு எதிரான ஐந்து கோல்களில் இரண்டாவது, தொலைவிலிருந்து ஜாக்கா அடித்தது. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டங்கள் தோல்வியின்றிப் போன அணி, டப்ளினில் ஐரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டாவிடம் 0-3 என்று விழுந்தது. மூன்றே நாளில் ஜெர்மன் கோப்பை இறுதி. 17-ஆம் நிமிடத்தில் மறுபடியும் தொலைவிலிருந்து ஓர் அடி, பந்து கோலின் மேல்மூலையில். 1-0. ஓர் ஆள் குறைந்தும் கோப்பையைக் காப்பாற்றினார்கள். ஆட்டத்தின் ஒரே கோல் ஜாக்காவுடையது.

இந்த ஆண்டுகளிலும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் பிரிஸ்டினாவில் கொசோவோவுடன் 2-2 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, பயிற்சியில் தீவிரம் போதவில்லை என்று தேசியப் பயிற்சியாளர் யாக்கினை வெளிப்படையாகக் குத்தினார். 2019-இல் இப்படிப் பேசியிருந்தால் அடங்காதவர் என்றிருப்பார்கள். இப்போது தரத்தைக் கேட்டு வாங்கும் தலைவர் என்றார்கள். அந்த ஆண்டிலேயே ஹைன்ஸ் ஹெர்மானின் 118 ஆட்டங்களைத் தாண்டி, சுவிட்சர்லாந்துக்காக அதிகம் ஆடியவர் ஆனார்.

2025-இல் அலோன்சோ ரியால் மாட்ரிட்டுக்குப் போனார், விர்ட்ஸ் லிவர்பூலுக்கு, ஃபிரிம்பாங்கும் அங்கேயே. சந்திப்பு இருந்தது, தண்டவாளங்கள் கழன்றுவிட்டன. ஜாக்கா தேர்ந்தெடுத்தது பணக்கார வளைகுடாவையோ ஓய்வூதிய லீக்கையோ அல்ல. எட்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகுக்குத் திரும்பியிருந்த சண்டர்லேண்டை. பயிற்சியாளர் ரெஜி லெ பிரி பருவத்தின் தொடக்கத்திலேயே கேப்டன் பட்டையைக் கொடுத்தார். அருகில் ஓடுவதற்கு இருபது வயது நோவா சடிக்கி என்ற காங்கோ வீரர், மனித நுரையீரலுக்கு எல்லையே இல்லை என்பதுபோல் ஓடுகிறவர். கீழே இறங்கிவிடும் என்று பலரும் சொன்ன அணி, நவம்பரில் பட்டியலின் மேல்பகுதியில் நின்றது.

அந்த மாதம் 8-ஆம் தேதி, முதலிடத்தில் இருந்த ஆர்சனல் சண்டர்லேண்டுக்கு வந்தது. வீட்டணி முதல் கோலை அடித்தது. இரண்டாம் பாதியில் அதைச் சமன் செய்தவர் புகாயோ சாக்கா. பிறகு ட்ரொசார்ட் அடித்த கோலில் ஆர்சனல் முந்தியது. கூடுதல் நேரத்தில் பிரையன் பிராபி காலை நீட்டி 2-2 ஆக்கினார். முப்பத்துமூன்று வயது ஜாக்கா அன்று கடைசி விசில் வரை ஆடுகளத்தில் இருந்தார்.